அறிவித்தல் எழுதும் மேசை: உள்ளூராட்சி இணையத்தளங்களுக்கு எழுத்துத் தரம் ஏன் வேண்டும்

அச்சுவேலியில் குடியிருப்பவருக்கு அரசாங்கம் ஒரே கட்டடத்தில் இல்லை. வீதி விளக்கு எரியாவிட்டால் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை. பிறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டுமானால் கோப்பாயிலுள்ள பிரதேச செயலகம். வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கை உடைந்திருந்தால் மறுபடியும் பிரதேச சபை; அந்த ஒழுங்கை போய் ஏறுகிற வீதி ஏ தரமோ பி தரமோ என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை; சி, டி தரமானால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். குழி ஒன்றுதான், அதற்கு உரிமை கொண்டாடாமல் தட்டிக் கழிக்க மூன்று அலுவலகங்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்துக் காட்டுவதுதான் ஓர் உள்ளூராட்சி இணையத்தளத்தின் முதல் வேலை. “இது எங்களுடைய பொறுப்பு, இது எங்களுடையதல்ல, அதற்கு இன்ன இடத்துக்குப் போங்கள்” என்று தெளிவாகச் சொல்லும் ஒரு பக்கம் இருந்தால், காலை வேலையை விட்டுவிட்டு மூன்று இடங்களுக்குச் சைக்கிள் மிதிக்கிறவர் ஒருவராவது குறைவார். ஆனால் வடக்கிலும் தெற்கிலும் சபைத் தளங்களைத் திறந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது நாடா வெட்டும் படம், மாலை போடும் படம், தவிசாளரின் செய்தி. சபை என்ன வேலை செய்கிறது என்பது நான்காவது ஐந்தாவது அழுத்தலுக்குப் பிறகு, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால், கிடைக்கும்.

இக்கட்டுரை தளத்தின் நிறத்தையோ அலங்காரத்தையோ பற்றியது அல்ல. ஓர் அறிவித்தலை எப்படி எழுதுவது, எந்த எழுத்துருவில் தட்டச்சுச் செய்வது, திகதியை எப்படிப் போடுவது, எதைப் போடாமல் விடுவது ஆகியவற்றை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைக்கும் ஏற்பாட்டைத்தான் இங்கே எழுத்துத் தரம் என்கிறேன். அந்த ஏற்பாடு தளம் அமைக்கும் நிறுவனத்திடமிருந்து வராது. அறிவித்தல் எழுதும் முகாமைத்துவ உதவியாளரின் மேசையில்தான் அது தொடங்க வேண்டும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. வடக்கில் போர் காரணமாக அவை நெடுங்காலம் மக்கள் தெரிவு இல்லாமலே நடந்தன. போருக்குப் பிறகு யாழ். மாவட்டத்தில் 2011இலும் பின்னர் 2018இலும் தேர்தல் நடந்தது. 2018இல் வந்த சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்த பிறகு, 2025 மே வரை செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். இணையத்தளத்துக்கு இந்த வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. தவிசாளர் வருவார், போவார். கோப்பும் அலுவலரும் இருப்பார்கள். தவிசாளரின் விருப்பத்தில் தொங்கும் தளம் அவருடைய பதவிக்காலத்தோடு உறைந்துபோகும். அலுவலக நடைமுறையாக எழுதிவைத்த தரம் மட்டுமே நிலைக்கும்.

மொழி பற்றிச் சட்டத்தில் மயக்கம் இல்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. யாரும் கேட்கும்வரை காத்திராமல் பொது அதிகாரசபை தானாகவே வெளியிட வேண்டிய தகவல்களும் இருக்கின்றன என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அலுவலகங்கள் தங்கள் சேவை, கட்டணம், எடுக்கும் காலம் ஆகியவற்றைப் பிரசைகள் பட்டயமாக எழுதி வைக்கும்படி 2008இலேயே அரச நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. அந்தப் பட்டயம் இன்று பல அலுவலகங்களில் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

ஆக, என்ன வெளியிட வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இல்லை. வாசிக்க முடியாத வடிவில் வெளியிட்டாலும் வெளியிட்டதாகவே கணக்கு. அந்த இடைவெளியில்தான் சிக்கல் எல்லாம் குடியிருக்கிறது.

பாமினி விட்டுச் சென்ற கடன்

இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் ஒரு தலைமுறைக்குப் பாமினிதான். கணினியில் தமிழைக் கொண்டுவந்ததில் அந்த எழுத்துருவின் பங்கு பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது செய்தது ஒரு கண்கட்டு வேலை. கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகள்; அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடுவது எழுத்துரு. பாமினியில் “அச்சுவேலி” என்று எழுத அழுத்தும் விசைகள் இவை: சின்ன எம், சின்ன ஆர், அரைப்புள்ளி, பெரிய ஆர், பெரிய என், ரி, வை, பி. கணினிக்குத் தெரிந்ததும் இந்த எட்டுக் குறிகள்தான். எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் அந்த எட்டுக் குறிகள்தான் தெரியும். கூகிளில் அச்சுவேலி என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது, ஏனென்றால் அந்தப் பக்கத்தில் அச்சுவேலி இல்லவே இல்லை.

ஒருங்குறியில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யுனிகோட் முறையில், தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது. இலங்கைத் தர நிறுவனம் தமிழ் விசைப்பலகைக்கான தரத்தை, எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தோடு, 2008இல் வெளியிட்டது. பழைய ரெங்கநாதன் தட்டச்சு அமைப்பை ஒட்டியது என்பதால் பாமினியில் பழகிய விரல்கள் பெரிதும் தடுமாற வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. அதே 2010இல் “.இலங்கை” என்ற தமிழ் முகவரிக் களமும் இலங்கைக்குக் கிடைத்தது. கருவி எல்லாம் கைக்கு வந்து பதினைந்து ஆண்டு கடந்தும் அலுவலகத்தில் வரும் கோப்பு பல சமயம் பாமினியில்தான் வருகிறது. பழைய கடித மாதிரிகள் எல்லாம் அதில் இருப்பதே காரணம். புதிய கடிதம் எழுத யாரும் வெறும் தாளில் தொடங்குவதில்லை. போன வருடத்துக் கடிதத்தைத் திறந்து திகதியை மாற்றுகிறார்கள்.

மாற்றி எடுக்க இலவசக் கருவிகள் உண்டு. ஆனால் மாற்றிய பிறகு கண் வைத்துப் பார்க்க வேண்டும். நம்மூர்த் தளங்களில் வரியின் நடுவே “யாழ்ப்பாணம்இ கிளிநொச்சிஇ முல்லைத்தீவு” என்று ஒட்டிக்கொண்டு நிற்கும் “இ”யைப் பார்த்திருப்பீர்கள். அது எழுத்துப்பிழை அல்ல. பாமினியில் இகரம் இருப்பது காற்புள்ளி விசையில். காற்புள்ளிக்கு வேறு விசை. மூலத்தில் யாரோ சாதாரணக் காற்புள்ளியைப் போட, மாற்றும் கருவி அதை இகரமாக்கிவிட்டது. இன்னொரு விபத்து மின்னஞ்சல் முகவரிக்கு நேர்வது: ஆங்கில எழுத்தில் இருந்த முகவரியையும் கருவி தமிழாக்கிவிடும். பணம் கட்டியவர் பற்றுச்சீட்டை அனுப்ப வேண்டிய முகவரி பொருளற்ற எழுத்துக் கோவையாகித் தளத்தில் கிடக்கும். அதற்கு அஞ்சல் அனுப்ப யாராலும் முடியாது.

ஒருங்குறிக்குள்ளும் கவனிக்க வேண்டியவை உண்டு. “ஔ” என்பதை “ஒ”வும் “ள”வும் சேர்த்து அடிப்பது, துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரத்தைப் போடுவது போன்றவை கண்ணுக்குத் தெரியாது. தேடும்போதும் குரல் வாசிக்கும்போதும் தெரியும். பார்வையற்றவர்கள் கணினியைத் திரைவாசிப்பான் கொண்டு கேட்கிறார்கள். என்.வி.டி.ஏ. போன்ற இலவச மென்பொருள் தமிழையும் வாசிக்கும். சுன்னாகத்தில் பார்வையற்றோருக்கான வாழ்வகம் இருக்கிறது. அங்கே படித்து வளர்ந்த ஒருவர் தன் பிரதேச சபையின் பாமினி அறிவித்தலைத் திறந்தால் அவர் காதில் விழுவது ஆங்கில எழுத்துகளின் உளறல். ஒருங்குறி என்பதைத் தொழில்நுட்ப விருப்பமாகப் பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஓர் அறிவித்தலைத் திருத்திப் பார்ப்போம்

அலுவலக நடையைக் குறை சொல்வது எளிது. எதை எப்படி மாற்றுவது என்று காட்டுவதுதான் பயன். ஆதனவரிக் கழிவு இலங்கை முழுதும் உள்ள வழக்கம்: ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி இறுதிக்குள் கட்டினால் 10 சதவீதம், காலாண்டு வரியை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். இதை வழக்கமான நடையில் எழுதினால் இப்படி வரும்:

“மேற்படி விடயம் தொடர்பாக, எமது சபை எல்லைக்குட்பட்ட ஆதன உரிமையாளர்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், நடப்பு ஆண்டுக்கான ஆதனவரியினை ஜனவரி மாதம் 31ஆம் திகதிக்கு முன்னர் முழுமையாகச் செலுத்துவோருக்கு 10% கழிவும், ஒவ்வொரு காலாண்டுக்குமுரிய வரியினை அக்காலாண்டின் முதலாம் மாத இறுதிக்கு முன்னர் செலுத்துவோருக்கு 5% கழிவும் வழங்கப்படுமென்பதுடன், செலுத்தத் தவறும் பட்சத்தில் சட்ட நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பதனையும் மனவருத்தத்துடன் அறியத்தருகின்றேன்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம்: 31ஆம் திகதிக்கு “முன்னர்” என்றால் 31ஆம் திகதி கட்டினால் கழிவு உண்டா, இல்லையா? கருமபீடத்தில் இதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் வாக்குவாதம் வரலாம். எங்கே கட்டுவது, எத்தனை மணிவரை, எதைக் கொண்டுவர வேண்டும் என்பவை இல்லவே இல்லை. கழிவைப் பற்றிச் சொல்ல வந்த அறிவித்தல், மிரட்டலில் முடிகிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“ஆதனவரியில் 10% கழிவு பெற, ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31 வரை கட்டலாம். ஜனவரி 31 அன்று கட்டினாலும் கழிவு உண்டு. காலாண்டாகக் கட்டுவோருக்கு 5% கழிவு; கடைசி நாட்கள் ஜனவரி 31, ஏப்ரல் 30, யூலை 31, ஒக்ரோபர் 31. சென்ற ஆண்டுப் பற்றுச்சீட்டையோ வரி இலக்கத்தையோ கொண்டு வாருங்கள். பணம் கட்டும் இடமும் நேரமும்: …”

“அக்காலாண்டின் முதலாம் மாத இறுதி” என்ற தொடரை ஒவ்வொரு வாசகரும் தன் மனத்தில் கணக்குப் போட்டு நான்கு திகதிகளாக மாற்ற வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையை எழுதுகிறவர் ஒருமுறை செய்துவிட்டார். “மேற்படி”யும் “இத்தால்”உம் போனதால் அலுவலகத்தின் கௌரவம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சட்ட நடவடிக்கை பற்றிய வரி தேவையானால் அதற்குத் தனிப் பந்தி கொடுக்கலாம். நிலுவை வைத்திருப்பவருக்குத் தனிக் கடிதம் அனுப்பினால் இன்னும் நல்லது.

இப்படி எழுதுவதற்கு உலகில் முன்மாதிரி உண்டு. பிரித்தானிய அரசு 2012இல் தன் திணைக்களத் தளங்களை ஒரே தளத்தின் கீழ் கொண்டுவரத் தொடங்கியபோது, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருக்கும் வாசிப்புத் திறனை அளவாக வைத்து எழுதும்படி தன் எழுத்தாளர்களுக்குச் சொன்னது. படித்தவர்களுக்கும் அவசரத்தில் எளிய நடைதான் பிடிக்கும் என்பது அவர்களுடைய வாதம். இந்தியாவில் அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டுநெறி 2009இல் வந்து, 2023இல் மூன்றாம் பதிப்பு கண்டிருக்கிறது. இவை இரண்டையும் அப்படியே இங்கே பெயர்த்து நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரித்தானிய வழிகாட்டி ஆங்கில வாக்கியத்துக்காக எழுதப்பட்டது. நமது வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், நீளமான வாக்கியத்தில் முடிவு தெரியக் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். “கழிவு உண்டு” என்பது நாற்பதாவது சொல்லாக வந்தால் வாசிப்பவர் முப்பதாவதில் கைபேசியை வைத்துவிடுவார். வாக்கியத்தைச் சுருக்க வேண்டும் என்ற விதி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

பெயர், திகதி, அளவு

சபையின் பெயரையே பாருங்கள். “வலி. கிழக்கு”, “வலி கிழக்கு”, “வலிகாமம் கிழக்கு பிரதேச சபை”, ஒற்று மிகுத்து “கிழக்குப் பிரதேச சபை”: நான்கும் பத்திரிகையிலும் பதாகையிலும் வரும். அச்சுவேலி என்ற ஊர்ப் பெயருக்குத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் “அட்ச்” என்று தொடங்குவது ஒன்று, “அச்ச்” என்று தொடங்குவது இன்னொன்று, முடிவில் “வை” எழுத்தோடு ஒன்று, “ஐ” எழுத்தோடு ஒன்று. ரொறன்ரோவில் பிறந்த பேத்தி தாத்தாவின் காணி விடயமாகத் தேடும்போது எந்த எழுத்துக்கூட்டலில் தேடுவாள் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தரமாக வைத்து, மற்றவற்றைத் தேடலுக்காகப் பக்கத்தின் அடியில் குறித்து வைப்பது ஐந்து நிமிட வேலை.

யாழ். மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள்: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். பருத்தித்துறை என்ற பெயரில் நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு; சாவகச்சேரியிலும் அப்படித்தான். பெயரைச் சுருக்கி எழுதினால் எந்தச் சபைக்குக் கேள்விப்பத்திரம் போட வேண்டும் என்பதில் ஒப்பந்தக்காரர் தடுமாறுவார்.

திகதியில் நம் அலுவலகங்களுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது: 2025.05.06 என்று ஆண்டை முன்னால் வைப்பது. சர்வதேசத் தரமும் ஆண்டு, மாதம், நாள் என்ற அதே வரிசைதான். அதைக் கைவிட்டு 06/05/2025 என்று எழுதும்போது, ஊரில் உள்ளவர் மே 6 என்று வாசிப்பார், அமெரிக்காவில் உள்ளவர் யூன் 5 என்று வாசிப்பார். பொதுமக்களுக்கான அறிவித்தலில் மாதத்தைச் சொல்லாகவே எழுதிவிடுவது அதைவிடப் பத்திரமானது. தொலைபேசி இலக்கத்தை 021 என்று மட்டும் போடாமல் நாட்டுக் குறியீட்டோடு போட வேண்டும்; அச்சுவேலிக் காணிகளின் சொந்தக்காரர்களில் பலர் இன்று வேறு நேர வலயத்தில் இருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் தொடங்கிய அரச இணையக் கொடுப்பனவு முறையில் சபைகள் சேரச் சேர, ஆதனவரிப் பக்கத்துக்கு வாசகர் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கூடுதலாக வருவார்கள்.

காணி அளவுக்கு யாழ்ப்பாணத்தில் பரப்புதான் வாய்ச்சொல். உறுதியிலும் அதுதான். நில அளவைப் படத்திலோ ஹெக்டேயர். கட்டட அனுமதி விண்ணப்பம் நிரப்புகிறவருக்கு இந்த அளவுகளுக்கு இடையில் பாலம் வேண்டும்: ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 253 சதுர மீற்றர், 16 பரப்பு ஓர் ஏக்கர். இந்த ஒரு வரியை விண்ணப்பப் பக்கத்தில் போட்டுவிட்டால், பிழையாக நிரப்பித் திருப்பி அனுப்பப்படும் படிவங்கள் குறையும்.

தமிழ் வழக்கிலும் தெரிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டுத் தளத்திலிருந்து எடுத்தாண்டால் “சொத்து வரி”, “ரூபாய்” என்று வந்துவிடும். நமக்கு “ஆதனவரி”, “ரூபா”. வயதானவர்கள் இன்னும் “சோலை வரி” என்றுதான் சொல்கிறார்கள். தலைப்பில் ஆதனவரி என்று போட்டு, முதல் வரியில் சோலை வரி என்பதையும் ஒருமுறை குறிப்பிடலாம். இப்படியான முடிவுகளை எடுக்க ஆய்வுக்குழு தேவையில்லை. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் 2003இல் தொடக்கிவைத்த தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் தமிழுக்கென ஒரு நடைக்கையேடே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், ஆயிரக்கணக்கான ஆவணங்களுக்குத் தலைப்பும் ஆண்டும் வகையும் இட்ட அனுபவம் உள்ளது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஞானப்பிரகாச யந்திரசாலை வழியாகப் புத்தகம் அச்சிட்டுத் தந்த ஊர் அச்சுவேலி. எழுத்துத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சம் இருக்காது.

படமாக்கிய காகிதம்

சபைத் தளங்களில் “அறிவித்தல்கள்” என்ற பகுதியைத் திறந்தால் பெரும்பாலும் வருவது, கையொப்பமும் முத்திரையும் வைத்த தாளைப் படமெடுத்து ஏற்றிய பி.டி.எஃப். கோப்பு. சில சமயம் சாய்ந்திருக்கும். தாள் மடித்த கோடுகூடத் தெரியும். கையொப்பம் இல்லாத அறிவித்தலை எப்படி நம்புவது என்று அலுவலர்கள் கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் கோப்பில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது, குரலில் கேட்க முடியாது, கைபேசியில் விரலால் விரித்து இடமும் வலமும் இழுத்து இழுத்துத்தான் வாசிக்க வேண்டும். பிரித்தானிய அரசின் இணையக் குழு 2018இலேயே இந்த வடிவத்தைக் கூடியவரை தவிர்க்கும்படி காரணங்களோடு எழுதியது. வழி எளிது: செய்தியைத் தளத்திலேயே எழுத்தாகப் போடுங்கள், கையொப்பமிட்ட பிரதியைக் கீழே இணைத்துவிடுங்கள். இரண்டுக்கும் இடமுண்டு.

வடிவமைப்பில் தமிழுக்கென்று சில தேவைகள் உண்டு. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால், மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர விலங்கும் முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை. சாய்த்தால் அழகும் போகும், வாசிப்பும் போகும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். இரு ஓரமும் நேராக அடுக்கினால், நம் சொற்கள் நீளமானவை என்பதால் கைபேசித் திரையில் வரிக்கு இரண்டு சொல் மட்டும் நிற்க, நடுவில் பெரும் வெளி விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். நிறத்துக்கு உலகளாவிய வலைத்தள அணுகல் வழிகாட்டி ஓர் அளவு தந்திருக்கிறது: எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு. மஞ்சளில் வெள்ளை எழுத்து இந்தச் சோதனையில் தேறாது. கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரத்துக்கு அது பொருந்தலாம். கேள்வி அறிவித்தலுக்குப் பொருந்தாது.

“இங்கே அழுத்தவும்” என்ற இணைப்பையும் ஒழிக்கலாம். திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு “இங்கே அழுத்தவும், இங்கே அழுத்தவும்” என்றே ஒலிக்கும். “கட்டட அனுமதி விண்ணப்பப் படிவம்” என்று இணைப்பிலேயே எழுதிவிட்டால் எல்லோருக்கும் விளங்கும்.

மும்மொழி பற்றி ஒரு வார்த்தை. பல தளங்களில் ஆங்கிலப் பக்கம் முழுமையாக இருக்கும். தமிழ்ப் பக்கம் இயந்திர மொழிபெயர்ப்பு, அல்லது “தயாராகிறது”. வடக்கில் சபைக் கூட்ட அறிக்கை தமிழில், கோப்பு தமிழில். இணையத்தில் மட்டும் ஆங்கிலம் மூலமாகவும் தமிழ் பெயர்ப்பாகவும் இருப்பது தலைகீழ். தமிழில் எழுதுங்கள், கேள்வி அறிவித்தல், கட்டணங்கள், தொடர்பு விபரம் போன்றவற்றைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தாருங்கள். எல்லாவற்றையும் மூன்று மொழியிலும் தர முயன்று ஒன்றையும் முடிக்காமல் விடுவதைவிட அது மேல்.

போடக் கூடாதவை

தரம் என்றால் என்ன போடுவது என்று மட்டும் நினைக்கிறோம். எதைப் போடக் கூடாது என்பதும் அதில் பாதி. உதவி பெறுவோர் பட்டியல், கடை ஒதுக்கீட்டுப் பட்டியல், நேர்முகத் தேர்வுப் பட்டியல் ஆகியவற்றில் பெயருக்குப் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து வெளியிடும் வழக்கம் நாடெங்கும் உண்டு. வெளிப்படைத்தன்மை என்பார்கள். ஆனால் நம் அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் அல்ல. பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டில் எத்தனையாவது நாள். பெண்ணானால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 72785 என்று தொடங்கினால், 1972 ஒக்ரோபர் 11இல் பிறந்த பெண். 2016இலிருந்து வந்த 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு எண்களாக நீண்டதே தவிர, பிறந்த நாளையும் பாலையும் காட்டும் ஏற்பாடு மாறவில்லை. ஆக, பட்டியலில் அடையாள அட்டை இலக்கம் போடுவது, அத்தனை பேருடைய பிறந்த திகதியையும் உலகத்துக்கு அறிவிப்பதே. அதோடு முகவரியும் கைபேசி இலக்கமும் சேர்ந்தால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுகிறவனுக்கு வேலை மிச்சம்.

2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் தழுவியது. விண்ணப்ப இலக்கமோ, அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்களோ போதும். ஏற்கெனவே ஏற்றிய பழைய பட்டியல்களைத் தேடி எடுப்பதுதான் கடினமான வேலை. ஆனால் தரத்தைப் பற்றிப் பேசுகிற சபை முதலில் செய்ய வேண்டியது அதுதான் என்பேன். பாமினி அறிவித்தல் ஒருவரை அலைக்கழிக்கும். இந்தப் பட்டியல் ஒருவரின் சேமிப்பைக் கொண்டு போகும்.

மறுபக்கம், போடாமல் விடுவதற்கும் எல்லை உண்டு. பாதீடு, கூட்ட அறிக்கை, ஒப்பந்தம் பெற்றவரின் பெயர், ஒப்பந்தத் தொகை ஆகியவை தனிப்பட்ட தகவல் ஆகா. தரவுப் பாதுகாப்பைச் சாட்டிக்கொண்டு அவற்றை மூடி வைப்பது சட்டத்தின் நோக்கத்தைத் திருப்பிப் பிடிப்பது.

யார் செய்வது

இலங்கையில் 341 உள்ளூராட்சி மன்றங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே நடைக்கையேடு எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வட மாகாண உள்ளூராட்சித் திணைக்களம் தன் கீழுள்ள சபைகளுக்கு நான்கைந்து பக்கத்தில் பொதுத் தரம் ஒன்றைச் சுற்றறிக்கையாக அனுப்பலாம். அது வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் சபைகளுக்கு இல்லை. பெரும் செலவோடு புதிய தளம் வேண்டும் என்ற குரல் எழும்போதுதான் நான் சந்தேகப்படுகிறேன். பாமினிக் கோப்பையும் படமாக்கிய தாளையும் புதிய தளத்திலும் ஏற்றினால், புதிதாக இருப்பது முகப்பு மட்டுமே.

ஒரு சபை தன் மாதாந்தக் கூட்டத்தில் நிறைவேற்றக்கூடிய தீர்மானம் இவ்வளவுதான்: இனி எல்லா அறிவித்தலும் ஒருங்குறியில், எழுத்தாகவும் வெளியிடப்படும், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகத் திருத்திய திகதி இருக்கும், அடையாள அட்டை இலக்கம் எந்தப் பட்டியலிலும் வராது, வெளியிடுமுன் எழுதியவர் அல்லாத இன்னோர் உத்தியோகத்தர் வாசித்துப் பார்ப்பார், இவற்றுக்கு இன்ன அலுவலர் பொறுப்பு. கடைசி இரண்டும் இல்லாமல் மற்றவை ஒரு மாதம்கூடத் தாங்கா. எழுதியது எழுதியவருக்கு எப்போதும் விளங்கும்; உப அலுவலகத்தில் கருமபீடத்தில் இருப்பவரிடம் வாசிக்கக் கொடுத்தால், சனம் என்ன கேள்வி கேட்கும் என்று அவர் உடனே சொல்வார்.

2025இல் தெரிவான உறுப்பினர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வலிகாமம் கிழக்கில் வாக்களித்தவர்கள் தங்கள் வட்டார உறுப்பினரிடம் இந்தத் தீர்மானத்தைக் கேளுங்கள். கேட்டும் நடக்காவிட்டால், இணையத்தில் வெளியிடுவதற்குச் சபை என்ன நடைமுறை வைத்திருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.